மூன்று மணிக் குரல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுநூற்று எண்பது பிள்ளைகள் படித்தார்கள். அத்தனை பேரின் பெயரையும் பிசகில்லாமல் சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் ஆசிரியை இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலக எழுத்தர். காலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பதும் அவள்தான் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். கடைசியில் தலைமையாசிரியரே கோப்பில் கையெழுத்துப் போடும்போது அவளுடைய சொந்தப் பெயர் என்னவென்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

ஒன்பதரை மணிக்குள் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் சீட்டு வந்துவிடும். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மைக்கம்மா போன் போடுவாள். "பள்ளிக்கூட ஆபீஸ்லேர்ந்து பேசறேங்க" என்று ஆரம்பிப்பாள். கெட்ட செய்தியாக இருந்தால் அதற்கு முன்னால் தொண்டையை ஒருமுறை லேசாகக் கனைத்துக்கொள்வாள். அது அவளுக்கே தெரியாத பழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். ஒரு கம்பெனிக்காரர் வந்தார். விளையாட்டுச் சாமான் அறையில் ஜிம்னாஸ்டிக் மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து வைத்து, மைக்கம்மாவை நடுவில் உட்கார வைத்து, மூன்று மதியங்கள் பதிவு செய்தார். எழுநூற்று எண்பது பெயர்கள். "சாதாரணமா ஒரு தடவை, கொஞ்சம் கவலையா ஒரு தடவை" என்றார். மூன்றாம் நாள் தொண்டை கட்டிப்போய், வெந்நீரை மடக் மடக்கென்று குடித்தபடி அவள் முடித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் குரல் தானாகவே வீடு வீடாகப் போனது. மருந்துக் கடைக்காரர் ஒருநாள், "நீங்க வாயைத் திறந்தாலே எனக்கு வயித்தைக் கலக்குதும்மா. என் பையன் மட்டம் போட்டுட்டானோன்னு" என்று சொல்லிச் சிரித்தார். அவளுக்கும் அது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது மூப்பு. சர்க்கரை வியாதி பத்து வருடத்துக்கு முன் கண் இரண்டையும் வாங்கிக்கொண்டது. வாயை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாம் மாடியில், ஜன்னலோர நாற்காலியில், பெரிய பொத்தான் வைத்த போனை மடியில் போட்டுக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். தெருவில் யார் நடந்து போகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு பெண் பள்ளி அலுவலகத்துக்குள் ஓடிவந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"எந்த ஆஸ்பத்திரிங்க? எங்க கொண்டு போயிருக்கீங்க?"

"யாரைம்மா?"

"என் பொண்ணை! நீங்கதானே இப்ப போன் பண்ணீங்க, மாடிப்படியில விழுந்துட்டா, தலையில அடின்னு!"

மைக்கம்மா பெயரைக் கேட்டாள். எட்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளை அன்றைக்கு வந்திருந்தது. ஆள் அனுப்பியதும், கையில் அளவுகோலோடு முழித்துக்கொண்டு வந்து நின்றது. தாய் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் தலையைத் தூக்கி மைக்கம்மாவின் முகத்தை, அதிலும் வாயை, உற்றுப் பார்த்தாள்.

"இந்தக் குரல்தான். நீங்க அழுதுக்கிட்டே பேசினீங்க. ஆஸ்பத்திரியில சேர்க்கணும், போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கன்னீங்க. சொன்னேன்."

மத்தியானத்துக்குள் பதினோரு பேர் வந்தார்கள். ஒரு தகப்பன் சமையல்காரரின் உடுப்போடும், இன்னொருவர் பாதி மழித்த முகத்தோடும் வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒரே கதை. எல்லோரும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள். அவள் ஏதாவது பதில் சொல்ல ஆரம்பித்தாலே சிலர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

சைபர் குற்றப் பிரிவு அதிகாரி மறுநாள் வந்தார். தகப்பன்களில் ஒருவரின் போனில் பேச்சு பதிவாகியிருந்தது. தலைமையாசிரியர் அறையில் கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டுக் காட்டினார்.

முதலில் தொண்டைக் கனைப்பு. பிறகு, "பள்ளிக்கூட ஆபீஸ்லேர்ந்து பேசறேங்க."

மைக்கம்மாவின் கை தானாகவே கழுத்துக்குப் போனது. தான் கனைப்பதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். அந்தக் குரல் பையனின் பெயரைச் சொன்னது. சாமான் அறையில் மெத்தைகளுக்கு நடுவே அவள் சொன்ன அதே இழுப்பு. அப்புறம் அது விம்மியது. இருபத்திரண்டு வருட வேலையில் மைக்கம்மா போனில் ஒருநாளும் அழுததில்லை. ஆனால் அழுதால் அப்படித்தான் அழுவாள் என்பது கேட்டவுடனேயே அவளுக்குத் தெரிந்தது.

"இது நீங்க இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்மா. இந்தப் போன் வந்த நேரத்துல நீங்க பிரேயர்ல நின்னுக்கிட்டிருந்தீங்க, எழுநூறு சாட்சி இருக்கு" என்றார் அதிகாரி. "ஆனா ஒண்ணு. பேர் வாசிச்ச பதிவை மட்டும் வச்சு இவ்வளவு சரளமா பேச வைக்க முடியாது. எங்கேயோ நல்லா ஒத்திகை பார்த்திருக்காங்க."

பதிவு எப்படிப் போனது என்பதைக் கண்டுபிடிக்கக் கணினி ஆசிரியைக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவள் அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். கம்பெனியின் சேமிப்பில் பள்ளியின் கோப்புகள் அத்தனையும், ஊழியர்களின் வீட்டு எண்கள்கூட, திறந்துகிடந்தன. கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நான்கு. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை மாற்றவில்லை.

"மாத்தணும்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது" என்றார் தலைமையாசிரியர், தரையைப் பார்த்தபடி.

அன்று மாலை மைக்கம்மா சீக்கிரமாகவே வீட்டுக்குப் போனாள். நடந்ததை அக்காவிடம் சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. சொல்லியும் விட்டாள். அக்கா நாற்காலியில் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் மூணு மணிக்குப் பேசினப்ப நீ சொல்லவே இல்லையே" என்றாள்.

"எந்த மூணு மணி?"

"தினம் பேசுவியே. இன்னிக்கும் பேசினே. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கால் வலி எப்படி இருக்குன்னு. நேத்து நம்ம பழைய வீட்டைப் பத்தி அரைமணி நேரம் பேசினோமே."

மைக்கம்மா வேலை நேரத்தில் அக்காவுக்குப் போன் செய்ததே கிடையாது. அக்காவின் மடியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். மூன்று மணி. மூன்று மணி ஒரு நிமிடம். மூன்று மணி. ஒவ்வொரு நாளும் வெவ்வேறு எண்ணிலிருந்து. ஞாயிறு மட்டும் இல்லை. பத்தொன்பது அழைப்புகள்.

"அது நான் இல்லக்கா."

அக்கா சிரித்தாள். "போடி. உன் குரல் எனக்குத் தெரியாதா? நீ பிறந்தப்போ அழுத அழுகையே எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு." மைக்கம்மா அழைப்பு நேரங்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுப் போனை அவள் மடியில் வைத்தாள். கேட்கக் கேட்க அக்காவின் சிரிப்பு மெல்லக் கரைந்தது. கைகள் போனைத் தேடித் துழாவின. கிடைத்ததும், சூடுபட்டதுபோல அதை மேசைமேல் தள்ளி வைத்தாள்.

அதிகாரி சொன்ன ஒத்திகை அதுதான். கண் தெரியாத, நிறைய நேரம் இருக்கிற, தங்கையின் குரலை யாரையும்விட நன்றாக அறிந்த ஒருத்தியிடம் அந்தக் குரல் பத்தொன்பது நாள் பேசிப் பழகியிருக்கிறது. அவளிடமே தேறிவிட்டால் ஊரில் வேறு யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

இரண்டு நாள் கழித்து, கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதே. அது உன்னைவிடப் பொறுமையாப் பேசுச்சு."

மைக்கம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

கணினி ஆசிரியை அதற்கு முன்பே இரண்டு முறை மாவட்டக் கல்விக்குழுவுக்கு மனு போட்டிருந்தாள். எட்டாம் வகுப்பு முதல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் வாரம் ஒரு பாடவேளை இணையப் பாதுகாப்பு கற்றுத் தர வேண்டும். அதற்கு ஆசிரியருக்குப் பயிற்சியும் தனிக் கணினிகளும் வேண்டும். பொதுப் பணத்திலிருந்து நிதி ஒதுக்க வேண்டும் என்பது மனு. இரண்டு முறையும் திரும்பி வந்தது. 'பசங்களுக்குத் தெரியாததா? அவங்கதானே நமக்கே போன் கத்துக் குடுக்கறாங்க' என்று குழுவில் ஒருவர் கேட்டாராம், எல்லோரும் சிரித்தார்களாம்.

"மூணாவது தடவை போடறேன். இந்தத் தடவை நீங்க வந்து பேசணும் மைக்கம்மா."

"நான் பேசறதா? என் குரலைக் கேட்டா இப்ப ஊரே பயந்து ஓடுது."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

கூட்டம் ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. நீளமான அறை, நீளமான மேசை, பதினோரு உறுப்பினர்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பார்வையாளர் வரிசையில் கணினி ஆசிரியையும் மைக்கம்மாவும் உட்கார்ந்தார்கள். இவர்களுடைய விஷயம் ஏழாவது. ஆறாவது ஒரு பள்ளியின் ஒழுகும் கூரை. பருத்த உடம்புக்கார உறுப்பினர் ஒருவர் அதற்காக எழுந்து நின்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். அவர் சொன்னது நியாயம்தான் என்று மைக்கம்மாவுக்குப் பட்டது. அவளுடைய அலுவலகத்திலும் மழை வந்தால் பதிவேட்டை இடம் மாற்றி வைக்க வேண்டும். கூரைக்குத் தர வேண்டிய நிதியைத்தான் நாம் கேட்கிறோமோ என்று உள்ளுக்குள் சங்கடமாக இருந்தது.

ஆறு முடிந்தது. கல்விக்குழுத் தலைவர் காகிதத்தைப் புரட்டினார். "ஏழாவது வாபஸ். எட்டாவது, விளையாட்டு மைதான வேலி."

கணினி ஆசிரியை எழுந்தாள். "சார், ஏழாவதை யாரும் வாபஸ் வாங்கலையே?"

"வாங்கியாச்சும்மா. சாட்சி சொல்ல வர்றதா இருந்த அந்தம்மாவே நேத்து எனக்குப் போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்களை வீணா பயமுறுத்தாதீங்கன்னு ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க. டீச்சரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னாங்க."

மைக்கம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்தாள். இந்த முறை கனைப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அந்தம்மா நான்தாங்க. நான் உங்களுக்குப் போன் பண்ணலை."

தலைவரின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. காதைத் திருப்பி, தலையை ஒருக்களித்துக் கேட்டார்.

"இன்னொரு தடவை பேசுங்க."

"நான் பண்ணலைங்க."

"இதே குரல்தான்" என்றார் மெதுவாக. "இதே கனைப்பு. அக்காவுக்கு உடம்புக்கு முடியலை, கண்ணு வேற தெரியாது, தனியா விட்டுட்டு வர முடியாதுன்னு சொன்னீங்களே."

"எனக்கு ஒரு அக்கா இருக்கறது உண்மை. கண்ணு தெரியாததும் உண்மை. பேசினது நான் இல்லை."

"அப்படின்னா இப்ப பேசறது நீங்கதான்னு நான் எப்படி நம்பறது?"

அவர் நிஜமாகத்தான் கேட்டார். அவள் பத்தடி தூரத்தில், ரத்தமும் சதையுமாக, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தான் கேட்டது என்ன என்பது இரண்டு நொடி கழித்துத்தான் அவருக்கே உறைத்தது.

மைக்கம்மாவிடம் பேச எழுதி வைத்த தாள் இருந்தது. அதை எடுக்கவில்லை. "நானும் அதைத்தாங்க கேக்க வந்தேன்" என்றாள். "என் அக்காவே பத்தொன்பது நாள் ஏமாந்தா. படிச்சவங்க பதினோரு பேர் ஏமாந்தாங்க. எனக்கு வயசு நாப்பத்தாறு. இதுக்கு என்ன பண்ணணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. பிள்ளைங்களுக்காவது யாராவது சொல்லித் தரட்டும்."

அவ்வளவுதான் பேசினாள். ஏழு பேர் கை தூக்கினார்கள், நான்கு பேர் தூக்கவில்லை. மாவட்டத்தின் எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் மூன்று வருடத்துக்கு நிதி என்று முடிவானது. வெளியே வரும்போது கூரைக்காகப் பேசிய பருத்த உறுப்பினர் அவளைப் பார்த்து, "என் பள்ளிக்கூடம் இன்னும் ஒழுகுதும்மா. ஆனா கையைத் தூக்கிட்டேன். தூக்காட்டி இன்னிக்கு எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைவருக்குப் போன் செய்தது யார், இந்தப் பாடம் நின்றுபோவதால் யாருக்கு என்ன லாபம் என்பது கடைசிவரை தெரியவில்லை. அதிகாரி பல எண்களைத் துரத்திப் பார்த்தார். ஒவ்வொன்றும் வேறு வேறு நாட்டில் போய் அறுந்துபோனது.

அடுத்த பருவத்தில் வகுப்பு தொடங்கியது. முதல் பாடத்துக்குக் கணினி ஆசிரியை மைக்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகளைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். ஒரே வாக்கியம் இரண்டு முறை ஒலித்தது: ஒருமுறை மைக்கம்மா நேரில் சொன்னாள், ஒருமுறை ஒலிபெருக்கியில் அந்தக் குரல் சொன்னது. எது நிஜம் என்று கேட்டதற்குப் பாதிப் பேர் ஒன்று என்றார்கள், பாதிப் பேர் இரண்டு என்றார்கள். அன்றைக்கு அளவுகோலோடு வந்து நின்ற அதே எட்டாம் வகுப்புப் பெண், "ரெண்டாவதுதான் மைக்கம்மா. அதுலதான் பாசம் இருந்துச்சு" என்றாள். இரண்டாவது இயந்திரம்.

"காதை நம்பாதீங்க. போனைக் கட் பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச நம்பருக்கு நீங்களே திருப்பிப் போடுங்க. வீட்டுல உங்களுக்குள்ள ஒரு கேள்வி பேசி வச்சுக்குங்க" என்றாள் ஆசிரியை.

மைக்கம்மாவும் பிள்ளைகளோடு சேர்ந்து குறித்துக்கொண்டாள். அன்றைக்கே அக்காவும் அவளும் ஒரு கேள்வி முடிவு செய்தார்கள். அக்கா 'வெளியே வெயிலா, மழையா?' என்று கேட்பாள். பதில் 'கதவு பச்சை' என்று இருக்க வேண்டும். இப்படிக் கோணலாக யோசித்தது அக்காதான். யோசித்துவிட்டு நெடுநேரம் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். எண்ணை மாற்றலாம் என்றதற்கு மட்டும் மசியவில்லை. "இருபது வருஷ நம்பர். எனக்கு விரல்ல மனப்பாடம்" என்றுவிட்டாள்.

மூன்று மணி ஆனால் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பது தெரிந்ததும், மைக்கம்மா தானே தினமும் மூன்று மணிக்குப் பேச ஆரம்பித்தாள். கதவு பச்சை, கதவு பச்சை என்று நாட்கள் போயின.

நல்ல மழை நாள் ஒன்றில், கடைசிப் பாடவேளை இணையப் பாதுகாப்பு வகுப்பில் உதவிக்கு நிற்க வேண்டியிருந்தது. போனை அணைத்து வைக்க வேண்டும். ஆகவே மதியம் பன்னிரண்டே முக்காலுக்கே அவசர அவசரமாக அக்காவைக் கூப்பிட்டாள். "வெளியே வெயிலா, மழையா?" என்று அக்கா கேட்டாள். பதிவேட்டின்மேல் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. "மழைதான்க்கா, கொட்டுது" என்று வாய் சொல்லிவிட்டது. டக்கென்று இணைப்பு அறுந்தது. திரும்பப் போட்டாள், அக்கா எடுக்கவில்லை. மைக்கம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. பாடம் யாருக்குப் புரிந்ததோ இல்லையோ, அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

ஐந்து மணிக்கு நனைந்துகொண்டு வீடு திரும்பினாள். அக்கா உற்சாகமாக இருந்தாள்.

"இன்னிக்கு அது போன் பண்ணுச்சுடி! மத்தியானம். மழைன்னுச்சு, மாட்டிக்கிச்சு. கட் பண்ணிட்டேன்."

"அது நான்தான்க்கா. வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"நீயா?" அக்கா கொஞ்சம் ஏமாற்றத்தோடு கையை நீட்டித் தங்கையின் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "சரி போ. அதான் அப்புறம் மூணு மணிக்குச் சரியாச் சொல்லிட்டியே."

மைக்கம்மா தலை துவட்டுவதை நிறுத்தினாள்.

"மூணு மணிக்கு நான் வகுப்புல இருந்தேன்க்கா. போனே அணைச்சிருந்துச்சு."

"விளையாடாதே. கேட்டேனே நான். கதவு பச்சைன்னியே."

ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அடுத்துப் பேசியபோது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "இருபது நிமிஷம் பேசினோம்டி. பழைய வீட்டுல நீ கிணத்தடியில வழுக்கி விழுந்தது... நீதான் ஞாபகப்படுத்தினே."

மைக்கம்மா தரையில் உட்கார்ந்து, அக்காவின் முழங்காலில் தலை சாய்த்துக்கொண்டாள். இருவரும் விளக்குப் போடவில்லை. அக்காவுக்கு அது தேவையுமில்லை.

மறுநாள் கேட்டபோது கணினி ஆசிரியைக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. "போன்ல கேக்கற கேள்விக்குப் போன்லயே தினம் ஒரே பதிலைச் சொன்னா, ஒட்டுக்கேக்கறவனுக்கு எத்தனை நாள் ஆகும் மைக்கம்மா? இதைச் சொல்லித் தராம விட்டது என் தப்பு" என்றாள். அந்த வாரமே அது எல்லாப் பள்ளிகளிலும் இரண்டாவது பாடமாகச் சேர்ந்தது. அக்கா ஒரு வழியாக எண்ணை மாற்றச் சம்மதித்தாள். புது எண்ணை விரலுக்குப் பழக்க ஒரு மாதம் பிடித்தது. பதிலும் இப்போது தினம் மாறுகிறது. காலையில் தங்கை வாசலில் செருப்பு மாட்டும்போது, காதோடு காதாக, அன்றைய பதிலை அக்கா சொல்லி அனுப்புகிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அந்தக் குரல் வரவில்லை. வந்ததாகத் தெரியவில்லை என்றுதான் மைக்கம்மா சொல்வாள்.

நிதி மூன்றாம் வருடமும் வந்தது, அலுவலகத்தில் சொட்டிய கூரையையும் அடைத்துவிட்டார்கள். மைக்கம்மா இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறாள். மூன்று மணிக்கு அக்காவைக் கூப்பிடுகிறாள். அன்றைய பதிலைச் சொல்லி முடித்ததும், முன்பெல்லாம் அவளுக்கு இல்லாத ஒரு நிதானத்தோடு, "சாப்பிட்டியாக்கா? கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். கேட்ட பிறகு சில நாள் அவள் வாய் சட்டென்று நின்றுவிடும். இப்படிப் பேச எங்கே கற்றுக்கொண்டோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். மறுமுனையில் அக்கா, "ஏன்டி நிறுத்திட்டே, பேசு" என்பாள். அவள் பேசுவாள்.